ஒரே கல்லூரியில் இரண்டு இடம்

அமெரிக்காவில் எம்.டி. எனப்படும் அடிப்படை மருத்துவப் படிப்புக்கான பொது விண்ணப்பம் மிக நீளமானது. அப்பா என்ன படித்தார், அம்மா என்ன வேலை பார்த்தார், சிறுவயதில் எந்த ஊரில் வளர்ந்தீர்கள், மருத்துவமனையில் எத்தனை மணி நேரம் தொண்டு செய்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்கும். மனைவியோ கணவரோ காதலரோ இதே ஆண்டு விண்ணப்பிக்கிறாரா என்று மட்டும் கேட்காது. படிப்பு முடியும் தறுவாயில் அதே ஆள் ரெசிடென்சி என்ற மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது நிலைமை தலைகீழாகிவிடுகிறது. இரண்டு பேரின் விருப்பப் பட்டியலையும் ஒன்றாகப் பிணைத்துக் கொடுக்கலாம். ஆண்டுதோறும் 1,200 ஜோடிகளுக்கு மேல் அப்படிக் கொடுக்கிறார்கள். முதல் வாசலில் கண்ணுக்கே தெரியாத ஜோடி இரண்டாம் வாசலில் எப்படித் தெரிகிறது? ஜோடிகள்மீது யாருக்கோ இரக்கம் பிறந்ததால் அல்ல என்றே நினைக்கிறேன். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒதுக்கீட்டு முறையே ஆட்டம் காணும் என்ற நிலைமை அங்கே வந்தது. முதல் வாசலில் இன்னும் வரவில்லை.

நம் ஊரில் பிளஸ் டூ முடித்த கையோடு நீட் எழுதிப் பதினெட்டு வயதில் எம்.பி.பி.எஸ். சேர்கிறார்கள். ஜோடியாகச் சேரும் பேச்சுக்கே இங்கு இடமில்லை. அமெரிக்காவில் முதலில் நான்காண்டு இளநிலைப் பட்டம், அதன் பிறகே மருத்துவக் கல்லூரி. பலர் நடுவில் ஓரிரு ஆண்டு ஆய்வகத்திலோ கிளினிக்கிலோ வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள். சேரும்போது சராசரி வயது 24ஐ ஒட்டி இருக்கும். கரிம வேதியியல் வகுப்பில் பழகி, எம்கேட் நுழைவுத் தேர்வுக்குச் சேர்ந்து படித்து, கல்யாணம்வரை வந்துவிட்ட ஜோடிகள் அந்த வயதில் சகஜம். இருவருக்கும் டாக்டராக வேண்டும், சேர்ந்தும் இருக்க வேண்டும். எனவே இருவருக்கும் ஒரே கல்லூரியில் இடம் கிடைக்குமா என்ற கேள்வி எழுவது இயல்புதான்.

எண்களைப் பார்த்தால் இதற்கு நேரான பதில், அநேகமாகக் கிடைக்காது என்பது. எம்.டி. பட்டம் தரும் கல்லூரிகள் அங்கே சுமார் 160. ஆண்டுக்கு 50 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள், சேருபவர்கள் சுமார் 23 ஆயிரம். நூறு பேரில் நாற்பத்து நான்கு பேருக்கு எங்காவது ஓரிடம் கிடைக்கிறது என்று கொள்ளலாம். இரண்டு சராசரி ஆட்களை எடுத்து, ஒருவர் முடிவுக்கும் மற்றவர் முடிவுக்கும் தொடர்பில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால், இருவருக்கும் அதே ஆண்டில் எங்காவது இடம் கிடைக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுதான். ஒரே ஊரா, ஒரே கல்லூரியா என்ற பேச்சுக்கே இன்னும் வரவில்லை.

அதற்கும் ஒரு கணக்குப் போடலாம். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொருவருக்கும் இருபதில் ஒரு வாய்ப்பு என்று வைப்போம். குறிப்பிட்ட ஒரு கல்லூரி இருவரையும் எடுக்கும் வாய்ப்பு நானூற்றில் ஒன்று. ஒரே நகரத்தில் ஐந்து கல்லூரிகள் இருந்து இருவரும் ஐந்துக்கும் போட்டால், ஏதாவது ஒரு கல்லூரி இருவரையும் எடுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றேகால். அதே ஐந்து கல்லூரிகளில் அவளுக்கு ஒன்றும் அவனுக்கு ஒன்றுமாக, எதில் வேண்டுமானாலும் கிடைத்தால் போதும் என்று கேள்வியை மாற்றினால் நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேலே போகிறது. நான்கு மடங்கு. உண்மையில் கல்லூரிகளின் முடிவுகள் இப்படித் தனித்தனியாக இருப்பதில்லை. நல்ல மதிப்பெண் உள்ளவரை எல்லாரும் கூப்பிடுவார்கள், இல்லாதவரை எல்லாரும் ஒதுக்குவார்கள். ஆனாலும் ‘ஒரே கல்லூரி’ என்பதை ‘ஒரே நகரம்’ என்று திருத்திக்கொள்வது ஒரு ஜோடி எடுக்கக்கூடிய முடிவுகளிலேயே மிகப் பெரிய லாபம் தருவது என்பதில் மாற்றமில்லை.

ஆகவே விவரம் தெரிந்த ஜோடிகள் வரைபடத்திலிருந்து தொடங்குகிறார்கள். நியூயார்க் மாநகரில் கொலம்பியா, கார்னெலின் வைல், நியூயார்க் பல்கலைக்கழகம், மவுண்ட் சினாய், பிராங்க்ஸ் பகுதியில் ஐன்ஸ்டைன், புரூக்ளினில் மாநில அரசின் டவுன்ஸ்டேட் என்று வரிசையாக இருக்கின்றன. பிலடெல்பியாவில் பென், ஜெஃபர்சன், டெம்பிள், டிரெக்சல். சிகாகோவிலும் சுற்றுவட்டாரத்திலும் நார்த்வெஸ்டர்ன், சிகாகோ பல்கலைக்கழகம், இல்லினாய், ரஷ், லயோலா. பாஸ்டனில் ஹார்வர்ட், டஃப்ட்ஸ், பாஸ்டன் பல்கலைக்கழகம். எம்.டி.க்குச் சமமான டி.ஓ. பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளையும் சேர்த்தால் பட்டியல் இன்னும் நீளும். அவற்றுக்கு விண்ணப்பமே வேறு. ஒருவர் எம்.டி., ஒருவர் டி.ஓ. என்று ஒரே ஊரில் படிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பட்டம் வாங்கியபின் இருவரும் ஒரே ரெசிடென்சி ஒதுக்கீட்டில்தான் கலந்துகொள்கிறார்கள் என்பதால் அந்தத் தயக்கத்துக்கு இன்று பெரிய அர்த்தமில்லை.

வரைபடத்தோடு மாநில எல்லையையும் பார்க்க வேண்டும். அரசுக் கல்லூரிகளுக்குத் தம் மாநிலத்துப் பிள்ளைகள்தான் முதல். டெக்சஸில் அரசுக் கல்லூரிகள் வெளிமாநிலத்தவருக்கு நூற்றுக்குப் பத்து இடத்துக்கு மேல் தரக்கூடாது என்று வரம்பே இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் தன் மாநிலத்தோடு வயோமிங், அலாஸ்கா, மான்டானா, ஐடஹோ ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது, பிறருக்குக் கதவு மிகக் குறுகலாகத்தான் திறக்கும். டெக்சஸ் பெண்ணும் வாஷிங்டன் பையனும் ஜோடியானால் ஒருவருடைய பலம் அடுத்தவருடைய பலவீனமாகிவிடுகிறது.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஒரே கல்லூரி என்றால் ஒரே ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. இண்டியானா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு மாநிலம் முழுக்க ஒன்பது வளாகங்கள். ஒருவருக்கு இண்டியானாபொலிஸும் மற்றவருக்கு எவன்ஸ்வில்லும் ஒதுக்கப்பட்டால், ஒரே கல்லூரியின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாரக்கடைசியில் மணிக்கணக்காகக் கார் ஓட்ட வேண்டியதுதான். சேரும் முன் வளாகம் யார் கையில், ஜோடிக்குச் சலுகை உண்டா என்று அலுவலகத்தில் நேராகக் கேட்டுவிடுவது நல்லது. இதைக் கேட்கத் தயங்குபவர்கள் பலர்.

தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஜோடியாக இருக்கிறோம் என்பதைக் கல்லூரியிடம் சொல்வதா, சொன்னால் எப்போது சொல்வது என்பதுதான் இந்த விஷயத்திலேயே சிக்கலான இடம். இதற்குச் சேர்க்கை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் பொது விண்ணப்பம் போகிறது. அதன் பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகச் ‘செகண்டரி’ எனப்படும் இரண்டாம் விண்ணப்பத்தைக் கட்டுரைகளோடு கேட்கிறது. ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்கும் இன்டர்வியூ வசந்தம்வரை போகும். பெரும்பாலான கல்லூரிகள் எல்லாரையும் பார்த்து முடிக்கும்வரை காத்திருப்பதில்லை, போகப்போக முடிவுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அக்டோபரில் அவளுக்கு ஒரு கல்லூரியிலிருந்து மகிழ்ச்சியான செய்தி வரும். அதே கல்லூரி அவனை ஜனவரியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிடும், மார்ச்சில் வெயிட் லிஸ்டில் போடும். பல இடங்களைக் கையில் வைத்திருப்பவர்கள் ஏப்ரல் 30க்குள் ஒன்றைத் தவிர மற்றவற்றை விட்டுவிட வேண்டும் என்பது நடைமுறை. வெயிட் லிஸ்ட் அசையத் தொடங்குவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அவள் முடிவெடுக்க வேண்டிய நாளில் அவன் நிலைமை தெரியாது. கோடைக் கடைசியில், வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது அவனுக்குத் தொலைபேசி வந்தாலும் வரும்.

இந்த ஓட்டத்தில் ஆரம்பத்திலேயே ஜோடி விவரத்தைச் சொன்னால் கல்லூரி தன் லாப நஷ்டத்தைத்தான் பார்க்கும். இருவரும் பலமானவர்கள் என்றால் ஒரு கல்லில் இரண்டு மாங்காய். ஒருவர் பலம், மற்றவர் சுமார் என்றால் சங்கடம். சுமாரானவருக்கு இடம் தராவிட்டால் பலமானவரும் வரமாட்டார் என்று தோன்றிவிட்டால் அந்த இடத்தை நிச்சயமாக வரக்கூடிய வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் வரும். அதனால்தான் அனுபவப்பட்ட ஆலோசகர்கள் சொல்லும் வழி இப்படி இருக்கிறது: ஒருவருக்கு இடம் உறுதியாகும்வரை பேசாதே. உறுதியானதும் மற்றவர் அதே கல்லூரிக்குக் கடிதம் எழுதலாம், இடம் கிடைத்தவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லலாம். அலுவலகம் ஒருவரின் கோப்பைப் பற்றி மற்றவரிடம் பேசாது. ஆனால் வெயிட் லிஸ்டில் ஒரே தரத்தில் பத்துப் பேர் இருக்கும்போது, ஏற்கெனவே வரப்போகிறவரின் துணை என்பது அந்தப் பெயரை மேலே தூக்கிவிடக் கூடும். ‘கூடும்’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். எந்தக் கல்லூரியும் இதற்கு எழுதி வைத்த விதியைக் காட்டுவதில்லை. இந்த மௌனத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சலுகை தரமாட்டோம் என்று கல்லூரி சொன்னால் அது நியாயமான முடிவு. சிலருக்குச் செய்வோம், ஆனால் சொல்லமாட்டோம் என்றால், யாரிடம் எப்போது பேச வேண்டும் என்று தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே அது பயன்படும்.

ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போனால் என்ன செய்வது? கிடைத்தவர் ஓராண்டு தள்ளிவைக்கக் கேட்கலாம், எல்லாக் கல்லூரியும் சம்மதிக்காது. கிடைக்காதவர் அதே ஊருக்குப் போய் வேலை பார்த்துக்கொண்டே அடுத்த ஆண்டு போடலாம். பலரும் செய்வது இதைத்தான். பிறகு மாற்றல் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி வெவ்வேறு ஊரில் சேருவது பெரும்பாலும் வீண். மருத்துவக் கல்லூரிகளுக்கு இடையே மாற்றல் மிக அபூர்வம். கிடைத்தாலும் இரண்டாம் ஆண்டு முடிவில், யாராவது விலகி இடம் காலியானால்தான். வாழ்க்கைத்துணை இந்த ஊரில் இருக்கிறார் என்பது அங்கே செல்லுபடியாகும் சில காரணங்களில் ஒன்று என்பது உண்மை, ஆனால் இடம் இருந்தால்தானே காரணம் பேசும்.

ஓராண்டு முன்பின்னாகச் சேருவதில் ஒரு விலை இருக்கிறது, சேரும்போது பலர் அதை யோசிப்பதில்லை. நான்காண்டு கழித்து வரும் ரெசிடென்சி ஒதுக்கீட்டில் ஜோடியாகப் பதிவு செய்ய வேண்டுமானால் இருவரும் அதே ஆண்டின் ஒதுக்கீட்டில் இருக்க வேண்டும். ஓராண்டு முந்தியவர் தனியாக ஒரு ஊருக்குப் போய்விடுவார், அடுத்தவர் அந்த ஊரை நோக்கித் தனியாகப் போட வேண்டும். இதைத் தவிர்க்க முந்தியவர் நடுவில் ஆய்வுக்கென்றோ பொதுச் சுகாதாரப் பட்டத்துக்கென்றோ ஓராண்டு எடுத்துக்கொள்வது உண்டு. அந்த ஓராண்டுக்கு விலை, ஒரு முழு டாக்டரின் ஓராண்டுச் சம்பளம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கிப் படித்து வெளியே வரும் ஒருவரின் கல்விக் கடன் நடுத்தரக் கணக்கில் சுமார் 2 லட்சம் டாலர். ஜோடிக்கு நாலு லட்சம். 2025இல் நிறைவேறிய சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குத் தொழிற்படிப்பில் ஆண்டுக்கு 50 ஆயிரம், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று கூட்டரசுக் கடனுக்கு உச்சவரம்பு வந்துவிட்டது. பல தனியார் கல்லூரிகளில் ஆண்டுச் செலவு 90 ஆயிரத்தைத் தாண்டுகிறது. மீதிக்கு வங்கியிடம்தான் போக வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகம் 2018இல் மருத்துவப் படிப்புக்குக் கல்விக் கட்டணத்தை ரத்து செய்தது. ரூத் காட்ஸ்மன் என்ற முன்னாள் பேராசிரியை 100 கோடி டாலர் கொடுத்ததால் 2024இல் ஐன்ஸ்டைனும் அதே வழிக்கு வந்தது. ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே என்று அமைந்தால் அந்த ஜோடிக்கு லாட்டரி அடித்த மாதிரி. அதற்குத் தகுந்தபடி அந்த இரண்டு வாசலிலும் கூட்டமும் கூடிவிட்டது.

பழைய காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை, ஏனென்றால் ஜோடியில் பாதி வாசலுக்குள் போக முடியாது. 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்தக் காலத்துப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில், வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கணவனைப் படிக்கவைத்த மனைவிக்குப் பட்டமளிப்பு விழாவையொட்டி வேடிக்கையாக ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். ‘புட்டிங் ஹப்பி த்ரூ’ என்று அதற்குப் பெயர். பி.எச்.டி.யைப் போல ஒலிக்க ‘PhT’ என்று சுருக்கியும் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிய பெண்களில் எத்தனை பேருக்கு உள்ளே தானும் டாக்டராகும் ஆசை இருந்ததோ.

உள்ளே போன ஜோடிகளுக்கும் வெளியே வந்தபின் வழி எளிதாக இருக்கவில்லை. பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களாகச் சந்தித்துக்கொண்ட கெர்ட்டி ராட்னிட்ஸும் கார்ல் கோரியும் 1920இல் பட்டம் வாங்கினார்கள், அதே ஆண்டு கல்யாணம் செய்துகொண்டார்கள், 1922இல் அமெரிக்கா போய் பஃபலோ நகரில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கார்லுக்கு வேலை தர முன்வந்த இடங்கள் மனைவியோடு சேர்ந்து ஆய்வு செய்வதை விட்டுவிடச் சொல்லின. கணவனோடு சேர்ந்து வேலை பார்த்து அவர் முன்னேற்றத்தைக் கெடுக்கிறாய் என்று கெர்ட்டியைத் தனியாக அழைத்துக் கண்டித்தவர்களும் உண்டு. 1931இல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது கார்ல் துறைத் தலைவர், கெர்ட்டி ஆய்வுத் துணையாளர். கெர்ட்டி முழுப் பேராசிரியரானது 1947இல், இருவருக்கும் சேர்ந்து மருத்துவ நோபல் கிடைத்த அதே ஆண்டில். கிளைகோஜன் உடலில் எப்படிச் சர்க்கரையாகவும் மறுபடி கிளைகோஜனாகவும் மாறுகிறது என்று காட்டியதற்கு அந்தப் பரிசு. மருத்துவத்தில் நோபல் வாங்கிய முதல் பெண் ஒரு வகுப்புத் தோழனின் மனைவி.

1970களில் சட்டம் வந்து பெண்களுக்கு எதிரான தடைகள் விழுந்தன. வகுப்புகளில் பெண்கள் எண்ணிக்கை மடமடவென ஏறியது. 2017இல் முதன்முறையாகப் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் பாதியைத் தாண்டினார்கள். வகுப்பில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் டாக்டர் ஜோடிகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அந்த ஜோடிகள் இரண்டாம் வாசலை ஆட்டிப் பார்த்தார்கள்.

ரெசிடென்சி என்பது நம் பி.ஜி.க்கு இணையான பயிற்சி. 1952 முதல் அதற்கான இடங்களை ‘மேட்ச்’ என்ற மைய ஒதுக்கீடு தீர்மானிக்கிறது. மாணவர் மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவார், மருத்துவமனை மாணவர்களை வரிசைப்படுத்தும், நடுவில் ஒரு கணக்கு இரண்டையும் பொருத்தும். ஒதுக்கீடு முடிந்தபின், ‘எனக்கு இந்த மருத்துவமனைதான் பிடிக்கும், அதற்கும் என்னைத்தான் பிடிக்கும்’ என்று சொல்லி யாரும் தனியே ஒப்பந்தம் போட்டுக்கொள்ள முடியாதபடி அமைவதுதான் அதன் வெற்றி. டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962இல், கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணத்தையும் உதாரணமாக வைத்து, அப்படிப்பட்ட பொருத்தம் எப்போதும் சாத்தியம் என்று நிரூபித்தார்கள். ஆல்வின் ராத் 1984இல் இந்த மேட்ச் கணக்கும் சாராம்சத்தில் அதுதான் என்று காட்டினார். கூடவே சங்கடமான ஓர் உண்மையையும் காட்டினார். ஜோடிகள் வந்தால் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. கல்யாணத்தை உதாரணமாக வைத்துப் பிறந்த கணக்கு, கல்யாணமானவர்கள் வரிசையில் நின்றதும் திணறியது.

எப்படித் திணறும் என்பதைச் சின்னதாகப் பார்க்கலாம். நகர மருத்துவமனையில் ஓரிடம், மாவட்ட மருத்துவமனையில் ஓரிடம். ஒரு மனைவி, ஒரு கணவன், தனி ஆள் ஒருவர். ஜோடிக்கு மனைவி நகரத்திலும் கணவன் மாவட்டத்திலும் கிடைத்தால்தான் வருவார்கள், இல்லாவிட்டால் இருவரும் வரமாட்டார்கள். தனி ஆளுக்கு நகரம் முதல் விருப்பம், மாவட்டம் இரண்டாவது. நகர மருத்துவமனைக்குத் தனி ஆளைவிட மனைவி மேல். மாவட்ட மருத்துவமனைக்குக் கணவனைவிடத் தனி ஆள் மேல். ஜோடிக்கு இரண்டையும் கொடுத்தால், மாவட்ட மருத்துவமனை கணவனைத் தள்ளிவிட்டுத் தனி ஆளைக் கூப்பிடும். கணவன் போனால் மனைவியும் போய்விடுவாள், நகரம் காலியாகும். தனி ஆள் உடனே நகரத்துக்குத் தாவுவார். இப்போது மாவட்டம் காலி. ஜோடி திரும்பி வந்து கதவைத் தட்டும், நகர மருத்துவமனை தனி ஆளை விட்டுவிட்டு மனைவியை எடுத்துக்கொள்ளும். தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். எந்த ஒதுக்கீடும் நிற்காது.

ஆரம்பத்தில் மேட்ச் இதற்குச் செய்த வைத்தியம் அசட்டுத்தனமானது. ஜோடியில் ஒருவரை ‘முதன்மை உறுப்பினர்’ என்று குறிக்கச் சொன்னார்கள். அவருக்கு முதலில் இடம் போட்டுவிட்டு, மற்றவரின் பட்டியலில் அந்த ஊருக்குத் தூரமானவற்றை அடித்துவிடுவார்கள். யார் முதன்மை என்று எந்த வீட்டில் முடிவாகியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஜோடிகள் இதை நம்பாமல், மேட்சுக்கு வெளியே மருத்துவமனைகளோடு தாங்களே பேசி இடம் பிடித்தார்கள். ஒதுக்கீட்டை நம்பாதவர்கள் பெருகினால் அந்த ஒதுக்கீடு நிலைக்காது. ஆகவே 1980களின் நடுப்பகுதிக்குள் இணை இணையாக வரிசைப்படுத்தும் முறை வந்தது. 1998 மேட்சிலிருந்து ராத்தும் எலியட் பெரன்சனும் ஜோடிகளையும் மனதில் வைத்து வடிவமைத்த புதிய கணக்கு நடைமுறைக்கு வந்தது. தீர்வு எப்போதும் உண்டு என்ற உத்தரவாதம் அதற்கும் இல்லை. ஆனால் 40 ஆயிரத்துக்கு மேல் இடங்கள் உள்ள சந்தையில் ஜோடிகள் சிறுபான்மையாக இருப்பதால் நடைமுறையில் தீர்வு கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012இல் பொருளியல் நோபல் கிடைத்தது. கேல் அதற்குள் காலமாகிவிட்டார்.

இன்று ஒரு ஜோடி பட்டியல் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கல்யாணப் பேச்சை விட நுணுக்கமான பேரம் நடக்கும். அவளுக்குக் குழந்தை மருத்துவம், அவனுக்கு எலும்பு அறுவை என்று வைப்போம். ஆளுக்குப் பன்னிரண்டு இடத்தில் இன்டர்வியூ நடந்திருந்தால் 144 இணைகள் சாத்தியம். பட்டியலில் 300 இணைகள்வரை எழுதலாம். முதல் வரியில் இருவருக்கும் பாஸ்டன். பத்தாவது வரியில் அவளுக்குப் பிடித்த பிலடெல்பியா, அவனுக்கு ரயிலில் போகும் தூரத்தில் நியூயார்க். கீழே போகப்போகக் கேள்விகள் கடினமாகின்றன. நல்ல மருத்துவமனையில் ஆளுக்கொரு மூலையில் இருப்பதா, சுமாரான மருத்துவமனையில் ஒரே வீட்டில் இருப்பதா? கடைசி வரிகளில் இன்னொரு வகை இணை வரும். அவனுக்கு ஓரிடம், அவளுக்கு ‘இடமில்லை’. இருவரும் விழுவதை விட ஒருவராவது ஏறட்டும் என்பது அந்த வரியின் பொருள். அந்த வரியில் யார் பெயருக்கு எதிரே ‘இடமில்லை’ என்று முதலில் எழுதுகிறார்கள் என்பதை வைத்து ஒரு வீட்டின் அதிகாரக் கணக்கைச் சொல்லிவிடலாம்.

இப்படிப் போடும் ஜோடிகளில் நூற்றுக்குச் சுமார் தொண்ணூறில் இருவரும் இடம் பெறுகிறார்கள். முதல் வாசலில் ஐந்தில் ஒன்று என்று பார்த்த கணக்கோடு இதை ஒப்பிட்டால் ஒரு முறையின் அமைப்பு எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பது புரியும். ஆனாலும் இரண்டையும் நேராக ஒப்பிடுவது சரியல்ல. மேட்சில் பெரும்பாலோருக்கு இடம் உண்டு, கல்லூரிச் சேர்க்கையில் பாதிப் பேருக்கு மேல் இல்லை. மேட்சில் இணைய கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை, நண்பர்களும் இணையலாம். பட்டியல் பூட்டுவதற்குள் பிரிந்தால் இணைப்பை நீக்கலாம். பூட்டியபின் பிரிந்தால், முடிவு இருவரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். முன்னாள் காதலன் பணிபுரியும் அதே மருத்துவமனையில் மூன்றாண்டு இரவுப் பணி பார்க்க வேண்டியதுதான்.

மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் ஏன் இதைச் செய்யக்கூடாது? செய்யலாம், ஆனால் அதற்கு முதலில் ஒரு மைய ஒதுக்கீடு வேண்டும். தனித்தனிக் கல்லூரிகள் தனித்தனி நாளில் கடிதம் அனுப்பும் முறையில் இணைப்பதற்குப் பட்டியலே இல்லை. கல்லூரிகள் தங்கள் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு ஜோடிகள் எதையும் உடைத்துவிடவில்லை. இடம் கிடைக்காத ஜோடி நிற்கும் இடத்தில் நிற்க இன்னும் பத்துப் பேர் தயாராக இருக்கிறார்கள். என் அபிப்பிராயம், இங்கே கல்லூரிகள் பிடிவாதமாக இருப்பதைப் பெரிதும் குறை சொல்ல முடியாது. தகுதியுள்ள இன்னொருவரின் இடத்தில்தான் துணை வந்து உட்காருகிறார்.

அமெரிக்க மேட்சில் நம்மவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வு எழுதிப் போகும் கணவன் மனைவி இணைந்தே பட்டியல் போடுவது உண்டு. அவர்களுக்கு ரெசிடென்சி முடிந்தபின் மூன்றாம் வாசல் ஒன்று இருக்கிறது. ஜே-1 விசாவில் போனவர் இரண்டாண்டு தாயகம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற, டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்றாண்டு பணிபுரிய வேண்டும். அதற்கு ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம்தான். இருவரும் ஜே-1 என்றால் ஒரே மாநிலத்தில், பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு இடம் தேட வேண்டும். இங்கே இணைப்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. வக்கீலும் அதிர்ஷ்டமும்தான்.

பிரிட்டனிலும் டாக்டரான முதல் இரண்டாண்டுப் பயிற்சிக்கு இரண்டு பேர் விண்ணப்பங்களை இணைக்கலாம். மதிப்பெண் அடிப்படையில் இடம் ஒதுக்கிய காலத்தில் அங்கே ஒரு நேர்மையான விதி இருந்தது. இணைந்த இருவரில் யாருடைய மதிப்பெண் குறைவோ அதுவே இருவருக்கும். சேர்ந்திருக்க வேண்டுமா, அதற்கான விலையை நீங்களே கொடுங்கள், அடுத்தவர் இடத்தைத் தட்டிப் பறிக்காதீர்கள் என்பது அதன் பொருள். 2024 முதல் மதிப்பெண் முறையே போய்விட்டது, ஆனால் அந்த விதியின் தர்க்கம் அழகானது.

இதை இந்தியாவின் நீட்-பி.ஜி. கலந்தாய்வோடு வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பி.ஜி. சேரும் வயதில் நம் டாக்டர்களில் கல்யாணமானவர்கள், நிச்சயமானவர்கள் ஏராளம். மதுரையில் ஒருவரும் தில்லியில் ஒருவருமாக மூன்றாண்டு கழிப்பதும், குழந்தை பாட்டி வீட்டில் வளர்வதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. மாநில அரசுக் கல்லூரி இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில் பாதி, மாநிலத்தில் பாதி என்று எல்லாமே கணினிக் கலந்தாய்வு. ஜோடிக்கென ஒரு கட்டம் கிடையாது. இத்தனைக்கும் இங்கே ராத் காட்டிய சிக்கலே வராது. அமெரிக்காவில் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒவ்வொரு வரிசை என்பதால்தான் ஒதுக்கீடு சுற்றிச் சுற்றி வருகிறது. இங்கே எல்லாக் கல்லூரிக்கும் ஒரே ரேங்க் வரிசை. ஜோடியில் பின்தங்கியவரின் ரேங்கை இருவருக்கும் வைத்து, அந்த முறை வரும்போது மீதமுள்ள இடங்களிலிருந்து ஒரு இணையை எடுத்துக்கொள்ளச் சொன்னால் கணக்கு ஒருபோதும் சிக்காது, முன்னால் இருப்பவர் யாருக்கும் நஷ்டமும் இல்லை. கடினமான கணக்கை அவர்கள் போட்டுவிட்டார்கள், நாம் சுலபமானதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

சிக்கல் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருவர் பொதுப்பிரிவு, மற்றவர் இடஒதுக்கீட்டுப் பிரிவு என்றால் அந்தந்தப் பிரிவின் இடத்தைத்தான் அவரவர் எடுக்க வேண்டும், இருவரின் முறையையும் பொது ரேங்க்கை வைத்துத்தான் நிர்ணயிக்க வேண்டும். இணைப்பு ஒரு கலந்தாய்வுக்குள்தான் செல்லும், மத்தியக் கலந்தாய்வையும் மாநிலக் கலந்தாய்வையும் குறுக்கே கட்டிப் பயனில்லை. இரண்டாம் சுற்றில் ஒருவர் மட்டும் இன்னும் நல்ல இடத்துக்கு மாற விரும்பினால் இணைப்பு அறுந்ததாகக் கருதப்படும், அதன் பிறகு அவரவர் சொந்த ரேங்க்கில் நிற்பார்கள் என்று தகவல் கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்.